பதினேழாம் கேள்விக்கு நான் போட்ட விடை

பதினேழாம் கேள்விக்கு விடையைப் போட்டவன் நான். பாடத்தில் பேராசிரியர் பெயர் இருக்கிறது. அவர் போடவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் தொலைநிலைக் கல்வி மையம் இருக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த கடல், கடற்கரைப் படங்களைப் பார்த்து எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்டறியக் கற்றுத்தரும் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறோம். மாணவர்கள் நேரில் வருவதில்லை. மென்பொருள்தான் பாடம் நடத்தும், தேர்வு வைக்கும், மதிப்பெண் போடும். அந்த மென்பொருளை எழுதியவன் நான். பெயர் உமேஷ். கணினி அறிவியல் படித்தேன். கடலை ராமேஸ்வரத்தில் இரண்டு தடவையும் திருச்செந்தூரில் ஒரு தடவையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படங்களில் மரம், செடி, பயிர் எல்லாம் சிவப்பாகத் தெரியும். பதினேழாம் கேள்வி ஒரு சிவப்புத் திட்டைப் பற்றியது. தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டி. இது என்ன? அலையாத்திக் காடு, தென்னந்தோப்பு, சீமைக் கருவேல், நெல்வயல். நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். மூன்று மதிப்பெண்.

கேள்வி அனுப்பிய பேராசிரியர் விடை அனுப்ப மறந்துவிட்டார். போன் செய்தேன். திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"கடலோரத்துல நல்லாச் செவப்பா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப அலையாத்திதான். போட்டுருங்க தம்பி, வண்டி வந்துருச்சு."

போட்டேன். அதற்குத் தோதாக நான்காம் பாடத்தில் நானே ஒரு வரி சேர்த்தேன். 'கடற்கரையை ஒட்டிய அடர்சிவப்பு பெரும்பாலும் அலையாத்திக் காடு.' போன் திரையில் அந்த வரி இரண்டாக உடைந்தது. 'பெரும்பாலும்' என்பதை எடுத்தேன். ஒரே வரியில் அடங்கியது.

சென்ற மாதம் தமிழ்மாறன் என்ற புது மாணவர் மூன்று போட்டோக்கள் அனுப்பினார். அந்தப் பக்கத்து ஊர்க்காரர். 'பதினேழாம் கேள்வியில் வரும் இடம் எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். பைக்கில் போய்ப் பார்த்தேன். அலையாத்தி ஒன்றுகூட இல்லை. பழைய கண்மாய். தண்ணீர் கிடையாது. முழுக்கக் கருவேல்' என்று எழுதியிருந்தார்.

போட்டோவில் அவருடைய பைக்குக்குப் பின்னால் முள்ளாக நின்றது.

இதை எனக்கு முன்பே ஒருத்தி சொல்லியிருந்தாள். என் மனைவி பவதாரிணி. போன வருடம் அவளும் இதே படிப்பில் சேர்ந்தாள். புவியியல் பட்டதாரி. ராமநாதபுரத்தில் கடற்கரை வரைபடத் திட்டம் ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் சான்றிதழ் இருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அவள் எடுத்தது நாற்பத்தெட்டு.

ரிசல்ட் வந்த அன்று சாப்பிடும்போது சொன்னாள்.

"பதினேழாவது அலையாத்தி இல்லைங்க. கருவேலு."

"ஆன்சர் கீல அலையாத்தின்னுதான் இருக்கு."

"கீ போட்டது யாரு?"

"பேராசிரியர்."

"அவரு போயிப் பாத்தாராமா?"

"நீ போயிப் பாத்தியா?"

என் தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

ஆட்சேபம் எழுத மென்பொருளில் ஒரு பெட்டி உண்டு. அதில் எழுதினாள். தேர்வு முடிந்த பத்தாம் நாள் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'முடிக்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்துவது என் வேலை. ஒன்றையும் படிப்பதில்லை. தோற்றவர்கள் எல்லோரும் எழுதுவார்கள். அந்த முறை இருபத்தாறு இருந்தன. அழுத்தினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒவ்வொருவருக்கும் மெயில் போகும். அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். அடுப்படியில் அவள் போன் சத்தம் கொடுத்தது. எனக்குக் கேட்டது.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தாம் நாள் இறந்துபோனாள். வயது இருபத்தைந்து. இதைப் பற்றி எழுத என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

தமிழ்மாறனின் போட்டோக்களை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். இயக்குநர் பத்ரிநாத் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்த வேலை அவர் கொடுத்தது. வீட்டில் சௌராஷ்டிரத்தில் பேசுவோம். ஆபீசில் தமிழ்தான், சார்தான்.

"போன பேட்ச் விடைத்தாளைத் திருத்தணும் சார். பதினேழுக்கு விடை தப்பு. பவதாரிணி சரியா எழுதியிருக்கா. அவளுக்கு அம்பத்தொண்ணு வரும்."

அவர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குடா இது?"

"அவ எழுதினது சரி சார்."

"சரிதான்பா. இருந்துட்டுப் போகட்டும். வேலைக்கா போகப் போறா?" சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார். "இங்க பாரு. விடையை மாத்தினா அலையாத்தின்னு எழுதினவங்களுக்கெல்லாம் மூணு மார்க் குறையும். பாஸான நாலு பேரு ஃபெயிலாவாங்க. அதுல காவ்யஸ்ரீ ஒருத்தி. ராமநாதபுரத்துல வேலைக்குச் சேந்து ஆறு மாசமாச்சு. அவளை என்ன செய்யச் சொல்ற?"

"தெரியல சார்."

"அதோட இந்த போட்டோ இப்ப எடுத்தது. நம்ம படம் ரெண்டாயிரத்துப் பன்னெண்டு மே மாசம். பதிமூணு வருசத்துல அலையாத்தி அழிஞ்சு கருவேல் வந்திருக்கலாம்ல? பேராசிரியர் அதைத்தான் கேப்பாரு. அன்னைக்கு அங்க கருவேல்தான் இருந்துச்சுங்கறதுக்கு ஆதாரம் கொண்டா. கமிட்டில வைக்கறேன்."

என் இடத்துக்குத் திரும்பி, மூடிய ஆட்சேபங்களில் அவளுடையதைத் தேடி எடுத்தேன். அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். நாங்கள் சொல்லிக்கொடுத்த முறைப்படியே எழுதியிருந்தாள். நிறம், வடிவம், சுற்றுப்புறம், தடயம்.

'அலையாத்தியைவிடச் சிவப்பு வெளிறியுள்ளது. திட்டின் கிழக்கு ஓரம் வில் போல் வளைந்துள்ளது, இது கண்மாய்க்கரை. கடல்நீர் உள்ளே வந்துபோக ஓடை எதுவும் இல்லை. ஓடை இல்லாமல் அலையாத்தி வளராது. உள்ளே பதினொரு சிறு கரும்புள்ளிகள் உள்ளன. இவை கரிமூட்டம் எரிந்த தடங்கள். கரிக்கு வெட்டுவது கருவேல் மரத்தைத்தான்.'

படத்தைப் பெரிதாக்கினேன். கரும்புள்ளிகள் இருந்தன. இத்தனை நாளும் அவற்றைப் படத்தில் விழுந்த தூசு என்று நினைத்திருந்தேன். பதினொன்று என்று எண்ணி எழுதியிருந்தாள். நான் எண்ணினேன். ஒன்பதுதான் தெரிந்தது.

விறகை அடுக்கி மண் பூசி எரித்துக் கரியாக்கும் மூட்டத்தைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். என் மாமனார் சோணைமுத்து. பரவையைத் தாண்டி நாலு கிலோமீட்டர் உள்ளே அவர் ஊர். முன்பு கரி வேலை. இப்போது ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி போடுகிறார். காரியம் முடிந்த பிறகு நான் அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க மாப்ள" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்கவில்லை. அத்தை தங்கப்பொண்ணு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

படத்தை விரித்தேன். செயற்கைக்கோள், சிவப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"கடல் எந்தப் பக்கம்?"

வலப்பக்கம் காட்டினேன்.

"அப்ப இது கம்மாக்கரை. இந்தா, இங்கன மடை இருக்கும். செவப்பா இருக்கறது முள்ளா? நல்ல கருவேலால்ல இருக்கும், இம்புட்டு அடர்த்தியா." விரல் நகர்ந்து நின்றது. வாய்க்குள் எண்ணினார். "ஏ இந்தா, இங்கிட்டு வா. இதைப் பாரு."

அத்தை வந்து குனிந்து பார்த்தார். "என்னது, அம்மை போட்ட மாதிரி?"

"மூட்டம்டீ. நம்ம மூட்டம். கடக்கரைப் பக்கம் ஒரு வருசம் போனமே, சுருளி ஏலம் எடுத்த கம்மா. பதினோரு மூட்டம்."

"எந்த வருசம்?" என்றேன்.

"என்னையக் கேட்டா? வருசமெல்லாம் அவளுக்குத்தான்."

"பாப்பா ஏழாப்பு முடிச்ச வருசம்" என்றார் அத்தை. "சித்திரைத் திருவிழாவுக்குக்கூட ஊருக்கு வரலையே. அழகரு ஆத்துல எறங்குறாருன்னு ரேடியோவுல சொல்றான், நாங்க அங்கன புகைக்குள்ள நிக்கிறோம். பாப்பா அழுதுக்கிட்டே இருந்துச்சு."

"அவளும் அங்க இருந்தாளா?"

"பின்ன, லீவுல எங்கிட்டு விடுறது? மூட்டத்துல ஓட்டை விழுந்து தீ எட்டிப் பாத்தா ஈரமண்ணை அப்பணும். அது பாப்பா வேலைதான். கையைக்கூடச் சுட்டுக்கிருச்சே, இந்த இடத்துல."

அத்தை தன் இடது மணிக்கட்டைக் காட்டினார். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். தோசைக்கல் சுட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அச்சுத்தாளின் மூலையில் தேதி இருந்தது. 2012 மே 4. ஏழாம் வகுப்பு முடித்த வருடம் அதுதான்.

"என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே" என்றேன்.

அத்தை மாமனாரைப் பார்த்தார். அவர் வெளியே பார்த்தார். அத்தைதான் சொன்னார்.

"நீங்கதான சொல்லச் சொன்னீக. மர யாவாரம்னு."

உண்மைதான். கல்யாணப் பேச்சில் அம்மா கேட்டபோது மாமனாருக்கு மர வியாபாரம் என்றேன். சாதி வேறு, கரிக்காரர் மகள் என்பதும் சேர்ந்தால் அம்மா சம்மதிக்க மாட்டார் என்று நினைத்தேன். அப்படியே சொல்லிவிடு என்று பவதாரிணியிடமும் கேட்டுக்கொண்டேன். ஒரு தடவைதான் கேட்டேன். கடைசிவரை, என்னிடம்கூட, காப்பாற்றினாள். ஆட்சேபத்தில் 'நான் அங்கே இருந்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பெட்டியில் வருவதை பத்ரிநாத் படிப்பார் என்று நினைத்திருப்பாள். அம்மாவிடம் சொல்வார். அதனால் புள்ளிகளை மட்டும் எண்ணி எழுதினாள்.

நீ போய்ப் பார்த்தாயா என்று நான்தான் அவளைக் கேட்டேன்.

"மாமா, ஏல ரசீது ஏதாவது இருக்கா?"

"ஏலம் எடுத்தவன் சுருளி. அவன் செத்து நாலு வருசமாச்சு. கூலிக்குப் போனவனுக்கு ஏது மாப்ள ரசீது?"

நானே ஒரு வாக்குமூலம் எழுதினேன். கண்மாய், வருடம், பதினொரு மூட்டம், மகள் உடனிருந்தது, எல்லாம். அவர் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, பேனாவை அழுத்தி.

"இதைக் குடுத்தா என்ன ஆகும்?"

"அவ எழுதினது சரின்னு ஆகும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் மாமா."

"சரி, குடுங்க" என்றார்.

திங்கட்கிழமை பத்ரிநாத் அதை இரண்டு தடவை படித்தார்.

"கரிமூட்டமா? மர வியாபாரம்னு அக்கா சொன்னாளே."

"நான் சொன்ன பொய் சார்."

தாளை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஃபெயிலான பொண்ணோட அப்பா எழுதிக் குடுத்ததை ஆதாரம்னு கமிட்டில வச்சா சிரிப்பாங்கடா. நீ ஒண்ணும் கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். கமிட்டி கூடிப் பத்து நிமிடத்தில் முடித்தது. பதினேழாம் கேள்வியை நீக்கிவிடுவது. அதில் மதிப்பெண் தவறவிட்டவர்களுக்கெல்லாம் மூன்று கருணை மதிப்பெண் கொடுத்துவிடுவது. யாருக்கும் குறையாது. யாரும் தப்பு செய்ததாகவும் ஆகாது. மென்பொருளில் நான் மாற்றுவதற்கு முன்பே பவதாரிணியின் சான்றிதழை மட்டும் அச்செடுத்து, அவரே கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தார்.

"போய் அவங்க அப்பாம்மாகிட்டக் குடு. சந்தோசப்படுவாங்க."

51 என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில், 'கருணை மதிப்பெண் 3 உட்பட.'

அன்று மாலையே போனேன். சோணைமுத்து கத்தரிக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரம் போகத் துடைத்துவிட்டு வாங்கினார். மேல்வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மகள் பெயரில் கொஞ்சம் நின்றார். பிறகு கீழே வந்தார்.

"கருணைன்னா?"

"கேள்வியையே எடுத்துட்டாங்க மாமா. தப்பா எழுதினவங்களுக்கெல்லாம் மூணு மார்க் சும்மா குடுத்திருக்காங்க."

"பாப்பா தப்பா எழுதலையே."

"எழுதல."

"அப்ப அதுக்கு எதுக்குச் சும்மா குடுக்கணும்?"

அத்தை வாசலுக்கு வந்து நின்றார். மாமனார் உறையை என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்கிறாதீக மாப்ள. எம்மக சும்மா எதையும் வாங்கினதில்ல. பாஸுன்னாப் பாஸுன்னு குடுங்க. இல்லாட்டி இது வேணாம். நீங்களே வச்சுக்கங்க."

"சாப்பிட்டுப் போங்க" என்றார் அத்தை. சாப்பிடாமல் கிளம்பினேன்.

மறுநாள் காலை கேள்வியை நீக்க உட்கார்ந்தேன். ஒரு கேள்வியை நீக்கினால் மென்பொருள் காரணம் கேட்கும். அதற்கு ஒரு பட்டியல் வரும். படம் தெளிவாக இல்லை. எழுத்துப்பிழை. இருமுறை வந்த கேள்வி. பிற. பட்டியலை எழுதியவன் நான். விடை தவறு என்று ஒரு காரணத்தை நான் வைத்திருக்கவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு பொத்தான் உண்டு. விடையை மாற்று. எப்போதாவது தேவைப்படும் என்று வைத்தது. ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டேன். அலையாத்தியிலிருந்து குறியை எடுத்துச் சீமைக் கருவேலில் வைத்தேன்.

'43 மாணவர்களின் மதிப்பெண் மீண்டும் கணக்கிடப்படும். அனைவருக்கும் மெயில் செல்லும். தொடரவா?'

பத்ரிநாத் அறையில் அவர் யாருடனோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. தொடர் என்பதை அழுத்தினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியல் வந்தது. பவதாரிணி, 51, தேர்ச்சி. அவளுக்குப் போன மெயில் சேர்ந்துவிட்டது என்று பச்சைக் குறி விழுந்தது. கீழே நாலு பெயர்கள் சிவப்பில் இருந்தன. காவ்யஸ்ரீ 52லிருந்து 49.

பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, காவ்யஸ்ரீ பேசுறேன். எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. தப்பா வந்திருக்காண்ணே?"

"இல்லம்மா. சரியாத்தான் வந்திருக்கு. பதினேழாம் கேள்விக்கு விடை மாறிருச்சு. அது கருவேல்."

"நாலாம் பாடத்துல அப்படி இல்லையே? என்கிட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கு, படிக்கிறேன் இருங்க. 'கடற்கரையை ஒட்டிய அடர்சிவப்பு அலையாத்திக் காடு.' இதைத்தானே எழுதுனேன்?"

"ஆமா."

"அப்ப யாரு தப்பு?"

"நான்தான். அந்த வரி நான் எழுதினது. விடையும் நான் போட்டது."

அவளுக்குப் பின்னால் யாரோ யாரையோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்.

"நீங்க தப்புப் பண்ணுனா எனக்கு ஏண்ணே மார்க்குப் போகுது?"

பட்டியலைக் கீழே தள்ளி அவள் பெயரில் நிறுத்தினேன்.

"இங்க ஆபீஸுக்கும் மெயில் போயிருக்குமா?"

"இல்ல. மாணவருக்கு மட்டுந்தான்."

"அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். சான்றிதழைத் திரும்பப் பாப்பாங்க." அவசரமாகப் பேசினாள். "இதை ஆட்சேபிக்கணும்னா எங்கண்ணே எழுதணும்?"

"மென்பொருள்ல ஒரு பெட்டி இருக்குல்ல, அதுலதான்."

"அதை யாரு பாப்பாங்க?"

"நான்தான்மா பாக்கணும்."

"நீங்களா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பத்ரிநாத்தின் அறைக் கதவு திறந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சார் தோரணையில் இல்லை, வீட்டில் கூப்பிடுவது போல, சௌராஷ்டிரத்தில். நான் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் ஆட்சேபப் பெட்டிக்கு மேல் ஒன்று என்று எண் விழுந்தது. திறந்து படிக்கத் தொடங்கினேன்.